பாயில் யார் பெயர்?



நெய்த சித்திரங்களைச் சுவரில் மாட்டி அடையாளம், நினைவு, மரபு என்று பேசுகிறது இன்றைய கலை. பத்தமடையில் அது தரையில் விரிந்து கிடக்கு. கலியாணப் பாயில் மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், தேதி எல்லாம் கோரையிலேயே நெய்து தருகிறார்கள். நெய்தவள் பெயர் இருக்காது. வங்கியில் தினமும் கையெழுத்துப் பார்க்கிறவன் நான். என் கண் அதைத்தான் தேடுது.

தாமிரபரணிக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஊறப்போட்டு, மயிரிழையாக்கி, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோக்கணும். ஒரு பட்டுப்பாய் முடிய வாரக்கணக்காகும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். தரைத்தறி, நாள் முழுக்கக் குனிந்த முதுகு.

1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதைப் பெருமையாச் சொல்றாங்க. ராணி பெயர் ஊருக்கே தெரியும். நெய்தவங்க பெயரை எத்தனை பேர் சொல்வோம்? 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப்பெயருக்குத்தான் காவல், கூலிக்கு இல்லை.

ஊர்க்கூட்டத்தில் பாய் அவங்களுக்கு, வெறும் மண் நமக்கு என்றிருந்ததை நம்ம சனம் மறக்கல. பாரம்பரியம் என்று யார் சொன்னாலும், உட்கார்ந்தது யாரு, நெய்தது யாரு என்று கேட்கத்தான் செய்வோம்.

நம்ம வீட்டுக் கலியாணத்துக்குப் பாய் சொல்லும்போது, ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டு அவள் பெயரையும் நெய்யச் சொல்லுங்க. கூலி கூடும், கொடுங்க.