பீரோவுக்குப் பின்னாடி பூத்த பூசணம்

இன்னைக்கு எபிசோடுல கோடிங், அப்ரைசல், இன்டர்வியூ எதுவும் கிடையாது. எங்க வீட்டுச் சுவரைப் பத்திப் பேசப் போறேன். போன மழைக்காலத்துல எங்க அம்மாவுக்கு விடாம இருமல். அதுக்குக் காரணம் தேடிக் கிளம்பின நான் கடைசியில எங்க போய் நின்னேன்ங்கிறதுதான் கதை. முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டரும் இல்ல, சிவில் இன்ஜினியரும் இல்ல. பக் வந்தா லாக் பார்க்கத் தெரிஞ்சவன், அவ்வளவுதான்.

நான் இருக்கிறது மடிப்பாக்கத்துல ஒரு டூ பெட்ரூம் வாடகை வீடு, ரெண்டாவது மாடி. ஒரு ரூம்ல ஏசி, அது என் ரூம். நைட்டு பன்னிரண்டு மணி வரைக்கும் கிளையன்ட் கால் இருக்கும். சத்தம் வெளியே போகக் கூடாதுன்னு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, ஏசியை 18-ல போட்டு உட்கார்ந்துடுவேன். பக்கத்து ரூம்ல ஒரு கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ. செப்டம்பர் கடைசியில அம்மா கோவில்பட்டியில இருந்து வந்து அந்த ரூம்ல தங்கினாங்க. "ஏசி காத்து எனக்கு ஆகாது, மேலெல்லாம் வலிக்கும்"னு அவங்களே கேட்டு வாங்கின ரூம் அது.

அக்டோபர் பாதியில இருமல் ஆரம்பிச்சுது. வறட்டு இருமல், விடிகாலையில அதிகம். மெட்ராஸ் தூசின்னு நினைச்சேன். 14,000 ரூபாய்க்கு ஏர் பியூரிஃபையர் வாங்கி வெச்சேன். ஆப்ல பச்சை கலர் காட்டுச்சு, எனக்குத் திருப்தி. அம்மா இருமிக்கிட்டேதான் இருந்தாங்க.

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். அங்க பத்து நாள், இருமல் சுத்தமா இல்ல. திரும்பி வந்த மூணாவது நாள் மறுபடி ஆரம்பம். இந்த தடவை மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தமும் சேர்ந்துக்கிச்சு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துட்டு, போற போக்குல கேட்டார்: "வீட்ல எங்கயாவது ஓதம் இருக்கா?" இல்லன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அம்மா சொன்னாங்க, "பீரோக்குப் பின்னாடி பூசணம் பூத்திருக்கு டாக்டர். ஒரு மாசமா இருக்கு."

ஒரு மாசமா! "ஏம்மா என்கிட்ட சொல்லலை?"ன்னு கேட்டா, "உனக்கு நைட்டெல்லாம் வேலை, இதுல சுவரைப் பத்தி வேற சொல்லணுமாக்கும்"ங்கிறாங்க.

வீட்டுக்கு வந்து பீரோவை நகர்த்தினேன். இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பீரோவுக்குள்ள அம்மா அடுக்கி வெச்ச ஒரு பட்டுப்புடவை மடிப்புல வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. இருமலுக்குக்கூட அலட்டிக்காத அம்மா அந்தப் புடவையைப் பார்த்துட்டு அன்னைக்குச் சாப்பிடல. அந்துருண்டை போட்டிருந்தாங்க. அந்த வாடையிலதான் மக்கின வாசனை எனக்குத் தெரியாமப் போயிருக்கு. நாப்தலின் அந்துருண்டையே மூடின ரூமுக்கு நல்லதில்ல. உலக சுகாதார நிறுவனம் 2010-ல வீட்டுக்குள்ள காத்துல எது எவ்வளவு இருக்கலாம்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அந்தப் பட்டியல்ல நாப்தலினும் இருக்கு.

ஹவுஸ் ஓனருக்கு போட்டோ அனுப்பினேன். "தம்பி, மழைக்காலத்துல இது சகஜம். டேம்ப் புரூஃப் பெயிண்ட் ஒரு கோட் அடிச்சுக்கோங்க"ன்னார். அடிச்சேன். மூணு வாரம் சுவர் பளிச்னு இருந்துச்சு. நாலாவது வாரம் பெயிண்ட் மேலயே புள்ளி. அப்போ எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. வெளிச்சுவர்ல விரிசல், இல்லன்னா பைப் லீக், ஓனர் மறைக்கிறார்னு முடிவே பண்ணிட்டேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிற மெசேஜ்கூட டைப் பண்ணி வெச்சாச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி ஆதாரம் வேணுமேன்னு ஒரு சின்ன டெஸ்ட் செஞ்சேன். நல்லவேளை.

டெஸ்ட் ரொம்ப சுலபம். சமையல்கட்டுல இருக்கிற அலுமினியம் ஃபாயில்ல ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சுவரைத் துடைச்சுக் காயவிட்டு, நாலு பக்கமும் டேப் போட்டு காத்துப் புகாம ஒட்டணும். ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. ஃபாயிலுக்குப் பின்னாடி, அதாவது சுவர் பக்கம் ஈரம் இருந்தா, தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது: லீக், விரிசல், தரையில இருந்து ஏறுற ஓதம். முன்பக்கம், ரூமைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தா, அந்தத் தண்ணி ரூம் காத்துல இருந்து வருது.

எனக்கு முன்பக்கம் நனைஞ்சிருந்துச்சு. விடிகாலை அஞ்சு மணிக்கு விரலால தடவினா கோடு விழுது. பின்பக்கம் சுத்தமா காஞ்சிருக்கு. டைப் பண்ணி வெச்ச மெசேஜை டெலிட் பண்ணினேன்.

அடுத்த கேள்வி, ரூம்ல நாலு சுவர் இருக்க, ஏன் இந்தச் சுவர் மட்டும்? கோவிட் காலத்துல நெத்தியில காட்டுறதுக்கு வாங்கின தெர்மாமீட்டர் கன் ஞாபகம் இருக்கா? அதுல சர்ஃபேஸ் மோடுன்னு ஒண்ணு உண்டு. அதால சுட்டுப் பார்த்தேன். மத்த மூணு சுவரும் 29 டிகிரி. பீரோவுக்குப் பின்னாடி 25. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் ரூம். நாலரை இஞ்ச் செங்கல் சுவர். அதுக்கு அந்தாண்ட 18-ல ஓடிக்கிட்டிருக்கிற என் ஏசி.

ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டிலை டேபிள்ல வெச்சா வேர்க்கும் இல்லையா, அதேதான். பாட்டில் ஓட்டைன்னு யாரும் சொல்ல மாட்டோம். காத்துல இருக்கிற ஈரம் சில்லுனு ஒரு இடம் கிடைச்சா அங்க தண்ணியா இறங்கும். அது எத்தனை டிகிரியில நடக்கும்ங்கிறதுக்குப் பேர் பனிநிலை, டியூ பாயின்ட். அம்மா ரூம்ல 29 டிகிரி, ஈரப்பதம் 82 சதவீதம். அந்தக் காத்துக்கு டியூ பாயின்ட் 25-க்கும் 26-க்கும் நடுவுல வரும். சுவரோ 25. போதும். இன்னொண்ணு, தண்ணி சொட்டணும்னுகூட அவசியம் இல்ல. சுவரை ஒட்டின காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல நாள்கணக்குல நின்னாலே பூஞ்சை வளர்ந்துடும். அதோட வித்து எல்லா வீட்டுக் காத்துலயும் இருக்கு, அதைத் தடுக்க முடியாது. தூசியும் பெயிண்டும் அதுக்குச் சாப்பாடு. அதுக்குக் குறையா இருந்தது தண்ணி மட்டும்தான். அதை நான் சப்ளை பண்ணியிருக்கேன். சுவரை ஒட்டி பீரோ வேற, அந்தச் சந்துல ஃபேன் காத்துகூடப் போகாது.

82 சதவீதம் எப்படி வந்துச்சுன்னா, அதுலயும் என் பங்கு இருக்கு. மழைன்னு துணியெல்லாம் அந்த ரூம்ல கொடி கட்டிக் காயப்போட்டோம். மெஷின்ல ஸ்பின் ஆன ஒரு லோடு துணியில சுமார் ரெண்டு லிட்டர் தண்ணி மிச்சம் இருக்கும். அது மாயமாகாது, காத்துல ஏறும். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஓட்டையில புறா கூடு கட்டுதுன்னு நியூஸ்பேப்பர் திணிச்சது நான்தான். கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஜன்னலைச் சாத்திட்டு அம்மா கொசுவர்த்தி ஏத்துவாங்க. சீன, மலேசிய கொசுவர்த்திகளை வெச்சு 2003-ல வந்த ஒரு ஆய்வு, ஒரு சுருள் எரிஞ்சு முடியும்போது வர்ற பிஎம் 2.5 நுண்துகள் 75-ல இருந்து 137 சிகரெட் அளவுன்னு சொல்லுது. நான் புகைக்கிறதில்லன்னு பெருமையா சொல்லிக்குவேன்.

பியூரிஃபையர் பாவம், அது மேல தப்பில்ல. ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், பூஞ்சை வித்தையும் பிடிக்கும். ஈரத்தைப் பிடிக்காது. ஒரு பக்கம் வித்து உற்பத்தி ஆகிக்கிட்டே இருந்தா அது எவ்வளவுதான் ஓடும்?

அப்புறம் என்ன பண்ணினேன்? முதல்ல அம்மாவோட படுக்கையை ஹாலுக்கு மாத்தினேன். சுவரோட ஒட்டிக் கிடந்த நார் மெத்தை பின்பக்கம் கறுத்திருந்துச்சு, தூக்கிப் போட்டாச்சு. மெத்தையில போனா எடுக்க முடியாது. சுவரை என்95 மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சேன். காஞ்ச பிரஷ் வெச்சு சுரண்டாதீங்க, வித்து வீடு முழுக்கப் பறக்கும். பிளீச் ஊத்தணுமான்னு நிறையப் பேர் கேட்பீங்க. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே வழக்கமா அது தேவையில்லன்னுதான் சொல்லுது. செத்த பூஞ்சையும் அலர்ஜி கிளப்பும், அதனால கொல்றதைவிடத் துடைச்சு எடுக்கிறது முக்கியம். பெரிய பரப்புன்னா, ஆஸ்துமா இருக்கிறவங்க அந்த வேலையில இறங்கவே கூடாது. ஆள் வெச்சுக்கோங்க.

ஏசியை 26-க்கு ஏத்தி ஃபேன் போட்டேன். முதல் ரெண்டு நாள் கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. 2020-ல இருந்து ஸ்டார் ரேட்டிங் ஏசி எல்லாம் 24-லதான் ஆரம்பிக்கணும்னு விதியே இருக்கு, நான்தான் தினமும் 18-க்கு இறக்கிக்கிட்டு இருந்தேன். பீரோவை அரை அடி முன்னாடி இழுத்துப் போட்டேன். எக்ஸாஸ்ட்ல பேப்பரை எடுத்துட்டு வலை அடிச்சேன். துணியெல்லாம் இப்போ பாத்ரூம்லயே எக்ஸாஸ்ட் ஓட, கதவைச் சாத்திக் காயுது. அம்மா ரூம் ஜன்னலுக்குக் கொசுவலை, சுருள் ஏத்துறதில்ல.

அமெரிக்க முகமை வீட்டுக்குள்ள ஈரப்பதம் 60-க்குக் கீழ வேணும்ங்குது. ஐப்பசி கார்த்திகையில சென்னையில அது பேராசை. டிஹியூமிடிஃபையர் வாங்கினா முடியும், எங்க வீட்ல வாங்கல. ஈரம் 70-லயே நிக்கட்டும், சுவர் சில்லுனு ஆகாம இருந்தா சமாளிக்கலாம்ங்கிறது என் கணக்கு. உங்க வீட்ல ஃபாயிலுக்குப் பின்னாடி ஈரம்னா இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, லீக்கைத்தான் அடைக்கணும். மழைத்தண்ணி உள்ள வந்து நனைஞ்ச சாமானை 24-ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வெச்சுடணும். மிச்சாங் புயலப்போ எங்க ஏரியாவுல வெள்ளம் வடியவே அதைவிட அதிக நாள் ஆச்சு, அது வேற கதை.

அம்மாவுக்கு இருமல் மூணு வாரத்துல அடங்குச்சு. இன்ஹேலரை டாக்டர் ஜனவரியில நிறுத்தச் சொன்னார். பூசணத்தாலயா, கொசுவர்த்தியாலயா, ரெண்டாலயுமான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்திட்டேன். டீபக் பண்றவன் ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்திருக்கணும். அம்மா மூச்சு விடுற சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும்போது அந்தப் பொறுமை வரல.

புடவையை டிரை கிளீன் கொடுத்தேன். வெள்ளை போயிடுச்சு, ஒரு கறை மட்டும் மடிப்போரமா நிக்குது. இந்த ஐப்பசிக்கு அம்மா மறுபடி வந்திருக்காங்க, அதே ரூம்தான். தினமும் காலையில காபி போடுறதுக்கு முன்னாடி பீரோ சந்துல கையை விட்டு, புறங்கையால சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு, "இன்னைக்குக் காஞ்சிருக்குப்பா"ன்னு குரல் கொடுக்கிறாங்க. நைட் கால் முடிச்சுத் தூங்கிக்கிட்டிருக்கிற என்னை எழுப்பித்தான்.

உங்க வீட்டு ஃபாயில் டெஸ்ட்ல எந்தப் பக்கம் ஈரம்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.