கல்லுக்குள் ஒரு கடைவீதி

ராயக்கோட்டையில் பிறந்தவனுக்குக் கல் புதிதல்ல. கோட்டை மலையைப் பார்த்தபடிதான் வளர்ந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையை அறுத்து லாரியில் ஏற்றுவதையும் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் மதுரை புதுமண்டபத்துக்குள் முதல் தடவை நுழைந்தபோது, கல்லை இப்படியும் ஆள முடியுமா என்று வாயடைத்து நின்றேன்.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் மண்டபம். கட்டியவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். வசந்த விழாவில் சுவாமியும் அம்மனும் வந்து இளைப்பாற எழுப்பியது என்பதால் வசந்த மண்டபம் என்றும் பெயர். கோடைக் காற்று நீரில் பட்டுக் குளிர்ந்து உள்ளே வரட்டும் என்று சுற்றிலும் அகழி வைத்தார்கள்.

நீளம் 333 அடி, அகலம் 105 அடி. நான்கு வரிசைத் தூண்கள், நடுவே அகன்ற நடை. கல் உத்திரம் நீண்டுகொண்டே போனால் நடுவில் விரிசல் விடும் என்பது நம் குவாரிக்காரர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் தூண் தலையில் போதிகை என்னும் தாங்குகற்களை ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே போகப் போக முன்னே நீட்டி அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அவை நெருங்கி வருவதால், உத்திரம் தாண்ட வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது. வளைவும் இல்லை, கம்பியும் இல்லை. கனமே கனத்தைத் தாங்குகிறது!

நடுத் தூண்களில் விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை பத்து அரசர்கள் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். இன்னொரு தூணில் கல் யானை கரும்பு தின்கிறது, திருவிளையாடல் கதை. துதிக்கை மடிந்திருக்கும் பாங்கைப் பார்த்தால் கல் என்பதே மறந்துபோகும்.

இந்த மண்டபம்தான் தலைமுறை தலைமுறையாக மதுரையின் கடைவீதியாகவும் இருந்தது. வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம், பக்திப் புத்தகம் என்று தூணுக்குத் தூண் கடை. நான் போனபோது ஒரு தையல்காரர் நாயக்கர் சிலையின் காலடியில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் அணியும் உடுப்பு. சிவப்புத் துணியில் சரிகை ஓரம் வைத்துத் தைத்துக்கொண்டே, "சித்திரை வந்தா எங்களுக்குத் தூக்கம் கிடையாது தம்பி" என்றார்.

கூரைக்குக் கீழே கடைவீதி என்பது வேறு ஊர்களிலும் உண்டு, ஆர்கேடு என்பார்கள். லண்டனில் 1819-இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேடுக்கும், இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் பின்னால் வந்த ஆர்கேடுகளுக்கும் கண்ணாடிக் கூரை. அங்கே மழையைத் தடுத்து வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். நமக்கு வெயிலைத் தடுக்க வேண்டும். இரு புறமும் கடை, நடுவில் நடை, மேலே கூரை என்ற அமைப்பு ஒன்றேதான்.

கடைகள் இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். ஆணியும் புகையும் தாங்கிய சிற்பங்களுக்கு மூச்சு விட இடம் வேண்டும். ஆனால் அந்த மண்டபத்தை ஊர்மக்களின் நினைவில் வைத்திருந்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள்.

மதுரை போனால், கிழக்குக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் திரும்பி நின்று புதுமண்டபத்தைப் பாருங்கள். அப்படியே குன்னத்தூர் சத்திரத்துக்கும் போய், வீட்டுக்கு ஒரு டஜன் வளையலாவது வாங்கி வாருங்கள்.