மூன்றாம் புத்தகம் வரை பொறுத்திருத்தல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தமிழாசிரியர் பேசக்கூடியதுதானா என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். ஆங்கிலத்தில் ‘ஃபன்டசி’ எனப்படும் அதிகற்பனை நாவல்கள் உள்ளன. அவற்றிலும் ஆயிரக்கணக்கான பக்கங்களாக நீளும் தொடர்களை வாசிப்பது பற்றியே பேசப்போகின்றேன். இந்தத் துறைக்கு நான் விரும்பி வந்தவனல்லன். ஒரு மாணவனைத் திருத்தப் போய் வந்து சேர்ந்தவன்.

உயர்தர வகுப்பில் ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கடைசி வாங்கில் இருந்த மாணவனொருவன் மேசைக்குக் கீழே தடித்த புத்தகமொன்றை வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பறித்தெடுத்தேன். “சோதினைக்கு இதுவோ வரப்போகுது?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்தத் தவணை அறிக்கையில் அவன் பெயருக்கு நேரே ‘பாடத்தில் நாட்டமில்லை’ என்றும் எழுதிவிட்டேன். மறுநாள் புத்தகத்தைக் கேட்டு வந்தான். “இந்தப் பேய்க்கதையிலை அப்பிடி என்ன கிடக்குது?” என்றேன். “வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ சேர்” என்றான். கண்டிப்பதற்குக் காரணம் தேடியே நான் அந்த நூலைத் திறந்தேன்.

அது அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய ‘எ சோங் ஒவ் ஐஸ் அன்ட் ஃபயர்’ என்னும் தொடரின் முதல் நூல். தொடரின் பெயரைத் தமிழில் ‘பனியும் நெருப்பும் பற்றிய பாடல்’ எனலாம். முதல் நூல் 1996இல் வெளிவந்தது. அதன்பின் 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்த நான்கு நூல்களும் வந்தன. மூன்று நூல்களில் முடிப்பதாகத் தொடங்கிய கதை ஏழு நூல்களுக்கெனத் திட்டமிடும் அளவுக்கு வளர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யோர்க், லங்காஸ்டர் குடும்பங்கள் அரியணைக்காக நடத்திய ‘ரோஜாப் போர்கள்’ இக்கதைக்குத் தூண்டுதலாயின. கதையில் வரும் ஸ்ரார்க், லானிஸ்ரர் என்னும் குலப்பெயர்களிலேயே அந்தச் சாயல் கேட்கும். பறவை நாகங்களும் இறந்தெழும் பிணங்களும் உண்டு. ஆயினும் பக்கங்களின் பெரும்பகுதி மனிதர்களுக்கே உரியது.

எனக்கு வந்த முதல் இடர் பெயர்கள். நூறு பக்கத்துக்குள் எத்தனையோ பிரபுக்கள், வீரர்கள், பணியாட்கள், உறவுமுறைகள்! அலுத்துப்போய் மாணவனிடமே கேட்டேன். அவன் தன் அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாள்களைக் கிழித்துத் தந்தான். ஒவ்வொரு குலத்துக்கும் பென்சிலால் ஒரு மரம் வரைந்திருந்தான். யார் யாருக்கு மணமுடித்தவர், யார் யாரிடம் பணயமாக வளர்ந்தவர் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. பாடத்தில் நாட்டமில்லாதவன் செய்த வேலையாக அது தெரியவில்லை.

இத்தகைய நூல்களை வாசிக்க விரும்புவோருக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். எல்லாப் பெயரையும் நினைவில் நிறுத்த முயலாதீர்கள். மார்ட்டின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரே ஒருவரின் கண்வழியே சொல்கிறார். பெரும்பாலும் அவருடைய பெயரையே அத்தியாயத்துக்குத் தலைப்பாகவும் இடுகிறார். முதல் நூலில், தொடக்கப் பகுதி நீங்கலாக, அவ்வாறு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரைப் பற்றிக்கொண்டால் போதும். மற்றவர்கள் தேவை வரும்போது தாமாகவே நினைவில் தங்குவர். நூலின் இறுதியில் குலங்களின் பட்டியலும் உண்டு.

இந்த அமைப்பில் நமக்கொரு பொறியும் இருக்கின்றது. யாருடைய கண்வழி பார்க்கிறோமோ அவருடைய தீர்ப்பை நம்முடைய தீர்ப்பாக ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். இதற்கு ஜேமி லானிஸ்ரர் என்ற பாத்திரத்தைச் சான்றாக நோக்குவோம்.

முதல் நூலில் ஜேமியின் பெயரில் அத்தியாயம் எதுவுமில்லை. அவனைப் பற்றி இரண்டு செய்திகளை அறிகிறோம். ஒன்று பழங்கதை. அரசனைக் காப்பதாகச் சத்தியம் செய்த மெய்க்காவலனாக இருந்துகொண்டே ஏரிஸ் என்னும் அரசனை அவன் வெட்டிக் கொன்றான். நாடெங்கும் ‘மன்னனைக் கொன்றவன்’ என்பதே அவனுக்குப் பட்டப்பெயர். இரண்டாவது நம் கண்முன்னே நடப்பது. அரசியாகிய தன் இரட்டைச் சகோதரி செர்சியோடு அவன் கொண்ட தகாத உறவைப் பிரான் என்னும் ஏழு வயதுச் சிறுவன் தற்செயலாகக் கண்டுவிடுகிறான். ஜேமி அவனைக் கோபுர யன்னலிலிருந்து கீழே தள்ளிவிடுகிறான். சிறுவன் உயிர் பிழைக்கிறான். ஆனால் இனி நடக்கமாட்டான்.

நான் மாணவனிடம், “இந்த ஜேமி எண்டவன் மனிசனே இல்லை” என்றேன். அவன் சிரிக்காமல், “மூண்டாம் புத்தகம் மட்டும் பொறுங்கோ சேர்” என்றான்.

மூன்றாம் நூலில் அத்தியாயத் தலைப்பாக ஜேமியின் பெயர் வருகின்றது. ஏறத்தாழ இரண்டு பெரும் நூல்களாக நாம் வெறுத்தவனின் கண்ணுக்குள் இப்போது நம்மை இருத்துகிறார் ஆசிரியர். கைதியாகி, வாள் பிடித்த வலக்கையையும் இழந்து, காய்ச்சலில் தவிக்கும் நிலையில், தன்னை இகழ்ந்துவரும் பிரியன் என்ற வீரப் பெண்ணிடம் அவன் அந்தப் பழங்கதையைச் சொல்கிறான். தோல்வி நெருங்கியபோது ஏரிஸ் தலைநகரின் அடியில் எரிதிரவத்தை ஒளித்துவைத்து, நகரத்தை மக்களோடு சேர்த்து எரிக்கக் கட்டளையிட்டான். கட்டளையை நிறைவேற்ற இருந்தவனையும் அரசனையும் கொன்றே ஜேமி அதைத் தடுத்தான். அப்போது அவனுக்கு வயது பதினேழு.

ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை? அரசனைக் கொன்றபின் அவன் அரியணையில் அமர்ந்திருந்த வேளையில் உள்ளே வந்தவர் நெட் ஸ்ரார்க். முதல் நூலில் நாம் யாரை நேர்மையின் வடிவமாகக் கொண்டோமோ, அவரேதான். பார்த்த கணத்திலேயே அவர் தீர்ப்பளித்துவிட்டார். கேட்கப்படாத விளக்கத்தைக் கொடுக்க அந்த இளைஞனின் செருக்கு இடங்கொடுக்கவில்லை. நெட் ஸ்ரார்க் நல்லவர் என்பதில் ஐயமில்லை. அவர் நல்லவராக இருந்ததாலேயே அவருடைய பிழையை நாமும் பிழையென்று காணவில்லை.

இந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். உலகம் அறிந்து பழித்த செயல் ஒரு நகரத்தையே காத்த செயல். சிறுவனைத் தள்ளியதோ எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாத குற்றம். அதை அப்போது உலகம் காணவில்லை. இரண்டையும் செய்தவன் ஒருவனே. பிந்திய விளக்கத்தால் பிரானின் கால்கள் எழுந்து நடக்கப்போவதில்லை. ஆசிரியர் அதை நம்மை மறக்கவிடுவதுமில்லை. பிரானின் அத்தியாயங்களும் பக்கத்திலேயே தொடர்கின்றன.

நம்மிடையே இத்தகைய நூல்கள்மீது சொல்லப்படும் குறை ஒன்றுண்டு. எல்லோரையும் சாம்பல் நிறமாகக் காட்டினால் நன்மை தீமை என்ற வேறுபாடே அழிந்துவிடாதா என்பர். நியாயமான கேள்வி. ஆனால் ஜேமிக்கு நிகழ்வது எல்லோருக்கும் நிகழ்வதில்லை. நான்காம் நூலில் செர்சியின் பெயரிலும் அத்தியாயங்கள் வருகின்றன. அவளது அச்சத்தையும் தனிமையையும் உள்ளிருந்து அறிகிறோம். அறிந்தபின் அவள்மீது மதிப்புக் கூடுகிறதா? எனக்குக் கூடவில்லை. அவளுடைய அகந்தை எவ்வளவு ஆழமானது என்பதையே கண்டேன். ராம்சி போல்ரன் போன்ற கொடியவனுக்கோ ஓர் அத்தியாயமும் இந்த ஐந்து நூல்களில் இல்லை. ஆகவே ஆசிரியர் தீர்ப்பே வேண்டாமென்று சொல்வதாக நான் கருதவில்லை. தீர்ப்புக்கு முன் சாட்சியத்தைக் கேட்கச் சொல்கிறார். சாட்சியம் கேட்க நேரம் வேண்டும், பக்கங்களும் வேண்டும்.

ராம்சியிடம் அகப்பட்டுச் சித்திரவதைப்படும் தியோன் என்பவன் இன்னொரு சான்று. தன்னை வளர்த்த வீட்டுக்கே துரோகம் செய்தவன் அவன். ஐந்தாம் நூலில் அவனுடைய அத்தியாயங்களுக்கு அவன் பெயர் தலைப்பாக இல்லை. ராம்சி சூட்டிய ‘ரீக்’, அதாவது நாற்றம், என்ற இழிபெயரே தலைப்பு. பின்னர் தலைப்பு இளவரசன் என்று மாறுகிறது. கட்சி மாறியவன் என்றும், பேய் என்றும் மாறுகிறது. கடைசியில்தான் ‘தியோன்’ என்று வருகிறது. ஒரு மனிதன் தன் பெயரை மீட்டெடுத்த கதையைத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன. ஐந்து நூல்களாக அவனோடு வராதவருக்கு அந்த ஒரு சொல்லின் கனம் விளங்காது.

இது நமக்கு முற்றிலும் புதியதுமன்று. கம்பர் கிட்கிந்தா காண்டத்தில், மறைந்து நின்று அம்பெய்த இராமனை வாலி கேள்வி கேட்பதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கினார் என்பதை எண்ணிப்பாருங்கள். அந்தக் கேள்விகளை இன்றும் பட்டிமன்றங்களில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் வாலிக்குத் தன்னை எய்தவனே எதிரில் நின்றான். ஜேமிக்கோ தன்னைக் கேட்க ஒருவர் கிடைக்கப் பல்லாண்டுகள் சென்றன.

நீண்ட தொடர்களில் வேறொரு சிரமமும் உண்டு. முடிவு கைக்கு வருமென்ற உறுதியில்லை. 1990இல் ‘வீல் ஒவ் ரைம்’ என்ற தொடரைத் தொடங்கிய றொபேட் ஜோர்டன், அதை முடிக்காமலே 2007இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிரண்டன் சாண்டர்சன் என்பவர் எழுதி 2013இல் பதினான்காம் நூலோடு நிறைவுசெய்தார். மார்ட்டினின் வாசகர்களும் 2011க்குப் பின் ஆறாம் நூலுக்காகப் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருந்தவர்கள். முடிவை மட்டும் நாடுவோருக்கு இந்த வாசிப்பு ஏமாற்றமாகலாம். ஆனால் ஜேமியைப் பற்றி என் மனம் மாறியதற்கு முடிவு எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நூலை முடித்துவிட்டு அந்த மாணவனைத் தேடிப் போனேன். அன்று அவன் பாடத்தைக் கவனிக்கவில்லை என்பது உண்மையே. அதைக் கண்டித்ததில் பிழையில்லை. ஆனால் ஒரு பாடவேளையில் கண்டதை வைத்துக்கொண்டு அவன் முழுமையையும் ஒரு வரியில் எழுதினேனே! நெட் ஸ்ரார்க்குக் கிடைத்த நேரம்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. தவணை அறிக்கையில் எழுதியது பிழை தம்பி, என்று சொன்னேன்.

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். பிறகு, “அதை விடுங்கோ சேர். நாலாவது வீட்டிலை கிடக்கு. நாளைக்குக் கொண்டு வரட்டோ?” என்று கேட்டான்.

நேயர்களே, இந்த நூல்களை வாசியுங்கள் என்று எல்லோரையும் வற்புறுத்தேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இத்தகைய தடித்த புத்தகத்தோடு இருந்தால், பறிக்குமுன் அதில் யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று கேட்டுப்பாருங்கள். விடை நீளமாக இருக்கும். பொறுமையோடு கேளுங்கள்.