கதைக்குத் தலைவர் யார்?



புதுவை நகரின் கடலோரத்தில் உள்ள வைத்திக்குப்பம் என் ஊர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று எங்கள் கடற்கரையில் தீர்த்தவாரி நடைபெறும். மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் அங்கே எழுந்தருளும். சிறுவனாக இருந்தபோது, "இத்தனை சாமிகளில் தலைமைச் சாமி எது?" என்று என் பாட்டியிடம் கேட்டேன். "நீ யாரைக் கும்பிட வந்தாயோ, அந்தச் சாமிதான்" என்றார் பாட்டி. திருவிழாவிற்கு அவ்விடை போதும். கதைக்குப் போதுமா? அதனையே இன்று உங்களுடன் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பள்ளியில் படிக்கும்போது ஒரு தேர்வில், சிலப்பதிகாரத்தின் தலைவர் யார் என்று வினவியிருந்தார்கள். கண்ணகி என்று எழுதினேன். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கோவலன் என்று எழுதினார். "காப்பியத்திற்குத் தலைவன் ஆண்மகனே" என்பது அவர் கூறிய காரணம். இரண்டு மதிப்பெண் போயிற்று. ஐயம் மட்டும் போகவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு இரு சொற்கள் உண்டு. ஒன்று ஹீரோ; மற்றொன்று புரோட்டாகனிஸ்ட். இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ஹீரோ என்பது ஆற்றலாலும் பண்பாலும் உயர்ந்த வீரனைக் குறிப்பது. புரோட்டாகனிஸ்ட் என்பதோ நாடக மேடையில் பிறந்த சொல். புரோட்டோஸ் என்றால் முதல். அகோனிஸ்டஸ் என்றால் போட்டியில் இறங்குபவர், நடிகர். பண்டைக் கிரேக்க மேடையில் பாடற்குழுவுடன் பேசி நடித்தவர் தொடக்கத்தில் ஒருவரே. இரண்டாம் நடிகரை ஏஸ்கிலசும், மூன்றாம் நடிகரைச் சோபோகிளிசும் சேர்த்தனர் என்று அரிஸ்டாட்டில் கூறுகிறார். அவர்களுள் முதல் நடிகரே புரோட்டாகனிஸ்ட். இச்சொல்லில் நன்மை தீமை என்னும் பேச்சே இல்லை. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் கொலைகாரன். ஆயினும் அந்நாடகத்தின் புரோட்டாகனிஸ்ட் அவனே.

இச்சொல்லை ஒரு கொள்கையின் ஆதரவாளர் என்ற பொருளில் வழங்குவோரும் உண்டு. முன்னே நிற்பது ஆதரவைக் குறிக்கும் 'புரோ' என்று கருதியதால் வந்த வழக்கு அது. ஃபவுலர் என்னும் அறிஞர் 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு நூலில் இதனைக் கண்டித்தார். முதல்வர் ஒருவரே ஆதலின் பன்மையில் வழங்குவதும் தவறு என்றார். ஆனால் டிரைடன் என்னும் கவிஞர் 1671-இலேயே பன்மையில் எழுதிவிட்டார். அறிஞர் விதித்த வேலியை வழக்கு தாண்டிவிடுகிறது.

நம் தமிழில் இவ்வேறுபாடு இல்லையா? உண்டு. கோவை நூல்களில் பாட்டுடைத் தலைவன் வேறு, கிளவித் தலைவன் வேறு. திருக்கோவையாரில் புகழப்படுபவர் தில்லைப் பெருமான். காதலித்துக் கலங்கிக் களிப்பவன் பெயர் சுட்டப்படாத கிளவித் தலைவன். புகழுக்குரியவர் ஒருவர்; கதையை நடத்துபவர் வேறொருவர்! இந்நுட்பத்தை நம் இலக்கணம் என்றோ கண்டிருக்கிறது. பின்னர்க் கதாநாயகன் என்னும் ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிக்கொண்டோம். அதனுடன் ஆண்பாலும் நற்பண்பும் தாமே வந்து ஒட்டிக்கொண்டன.

இப்போது சிலம்பிற்கு வருவோம். நூலில் காதைகள் 30. கொலைக்களக் காதை 16-ஆவது. கோவலன் அங்கே வெட்டுண்டு வீழ்கிறான். எஞ்சிய 14 காதைகள் அவனின்றியே நடக்கின்றன. பாண்டியன் அவையில் வழக்குரைப்பவள் கண்ணகி. மதுரையை எரிப்பவள் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்வதும் அவளுக்காகவே. காப்பியத் தலைவனுக்கு இலக்கணம் வகுத்த தண்டியலங்காரமோ சிலம்பிற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. பின்னால் தைத்த சட்டையை முன்னவருக்கு மாட்டிப் பார்த்துப் பொருந்தவில்லை என்பது முறையாகுமா?

பாரதியார் இதே புதுவையில் வாழ்ந்தபோது பாஞ்சாலி சபதத்தைப் பாடினார். அதன் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. அவையில் ஐந்து பெருவீரர்கள் இருக்கிறார்கள், ஹீரோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் நீதி கேட்பவள் பாஞ்சாலி. நூலின் பெயரே அவளுடைய சபதத்தைச் சொல்கிறது.

ஆகவே, மாணவர்களே, ஒரு கதையைப் படிக்கும்போது "இவர்களுள் நல்லவர் யார்? வலியவர் யார்?" என்று மட்டும் தேடாதீர்கள். "யாருடைய முடிவால் கதை திரும்புகிறது? யாரை நீக்கினால் கதை நின்றுவிடும்?" என்று கேளுங்கள். அவரே தலைமைப் பாத்திரம். அவர் அரசராகவும் இருக்கலாம். எங்கள் குப்பத்தில் கூடை சுமந்து மீன் விற்கும் தாயாகவும் இருக்கலாம்.

பாட்டியின் விடை பக்திக்கு உரியது. ஆசிரியரின் விடை பிற்கால இலக்கணத்திற்கு உரியது. இழந்த இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றை அவருக்கே விட்டுவிடுகிறேன். மற்றொன்று கண்ணகிக்கு உரியது. அதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையில்லை.