இசைப்பலகையும் வெயிலும்

செங்கல் என்பது ஓர் ஊரின் பெயர். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே, இவ்வூர்ப் பக்கங்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவதை இன்றும் கேட்கலாம். செங்கல் என்றால் தமிழர் நமக்குச் சூளையில் வெந்த கல் நினைவுக்கு வரும். மலையாளிகளுக்கோ மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் செம்பாறைக் கல் நினைவுக்கு வரும். முன்னது நெருப்பில் வெந்து வலுப்பெறுவது. பின்னது வெட்டியபின் வெயிலும் காற்றும் படப்பட இறுகுவது. வெப்பத்தால் நன்மை அடையும் பொருள்கள் இவை. அதே ஊரில், அதே வெயிலில், நாளுக்கு நாள் நலிந்துபோகும் ஒரு பொருளைப் பற்றியே இன்று நேயர்களிடம் பேச விரும்புகிறோம். கீபோர்டு என்று எல்லோரும் அழைக்கும் மின்னணு இசைப்பலகைதான் அது.

ஒரு காலத்தில் பஜனை மடத்திலும் தேவாலயப் பாடகர் வரிசையிலும் ஆர்மோனியம் ஒலித்தது. காலால் மிதித்து இயக்கும் ஐரோப்பியக் கருவியைக் கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் பெட்டியாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ். கமகத்துக்கு இடம் தராத கருவி என்று குறை கூறி, 1940 முதல் 1971 வரை வானொலி நிலையமே அதை ஒதுக்கி வைத்திருந்தது. அத்தனையையும் தாங்கிக்கொண்டு அது மக்களிடையே வாழ்ந்தது. மரமும் பித்தளை நாக்கும் தோலும் கொண்ட அந்தப் பெட்டி பழுதானால், ஊர்த் தச்சனும் ஒருவாறு சரிசெய்துவிடுவான். 1980க்குப் பின் பரவிய மின்னணுப் பலகையின் கதை வேறு. அதன் வயிற்றில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாகங்கள். அவை நோவை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருநாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகின்றன.

இதை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதம், உறவினர் ஊரில் ஒரு கோயில் விழா. நம் தங்கை மகள் பஜனைக் குழுவுடன் முதன்முறையாக மேடையேறி வாசிக்க இருந்தாள். அவளுடைய இசைப்பலகை, தங்கை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. நண்பகலில் வந்து சேர்ந்தோம். 'உள்ளே கூட்டம்; இடிபடும்; காரிலேயே பத்திரமாக இருக்கட்டும்' என்று சொன்னவர் நாமேதான். மாலை நான்கு மணிக்கு எடுத்து மேடையில் வைத்து, உடனே மின்சாரம் கொடுத்தார்கள். எழுத்துகள் தெரியவேண்டிய சிறுதிரை முழுவதும் கறுத்திருந்தது. விசையை அழுத்தினால், ஸ்வரத்துக்குப் பதில் கரகரப்பு எழுந்தது. குழந்தை எங்கள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சுருதிப்பெட்டியின் துணையோடு குழு பாடி முடித்தது. அவள் பின்வரிசையில் அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை நாம் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் காலை திரை தெளிந்துவிட்டது. அத்திரையில் உள்ள திரவப் படிகம் அளவுக்கு மேல் சூடேறினால் தன் ஒழுங்கை இழந்து கறுக்கும். ஆறினால் பெரும்பாலும் மீளும். கரகரப்பு மட்டும் போகவில்லை. பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கித் தரும் மின்தேக்கிகளில் ஒன்று தலை உப்பியிருந்தது. 'ஒருநாள் வெயிலின் வேலை அல்ல இது' என்றார் அவர். விசாரித்தபோது உண்மை புலப்பட்டது. வீட்டில் அது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ், மேற்கு ஜன்னலோரம் இருந்தது. வாசித்து முடித்ததும் மின்சாரத்தை நிறுத்தாமலே கனத்த வெல்வெட் துணியால் மூடிவைப்பது வழக்கமாம். பல ஆண்டுச் சூடு சிறுகச் சிறுக எழுதிவைத்த கடனை, அன்றைய வெயில் ஒரே மாலையில் வசூலித்துவிட்டது.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். அந்த மின்தேக்கியினுள் ஒருவகைத் திரவம் உள்ளது. வெப்பம் கூடக்கூட அது விரைவில் உலரும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கையாளும் கணக்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த மின்தேக்கி, 65 டிகிரியில் 8,000 மணியும், 45 டிகிரியில் 32,000 மணியும் உழைக்கக்கூடும். ஆகவே, சூட்டைக் குறைப்பது ஆயுளைக் கூட்டுவதற்குச் சமம்.

இசைப்பலகையுடன் வரும் கைநூலில் இதற்கான எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இயங்குவதாகச் சோதிக்கப்பட்டது என்று யமஹா நிறுவனத்தின் கைநூல்கள் குறிப்பிடுகின்றன. பகலில் காருக்குள் வைக்கவேண்டாம் என்றும் சொல்கின்றன. வெளியே 35 டிகிரி இருக்கும்போது, மூடிய காரின் உள்ளே ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரியைக் கடந்துவிடும். அலுவலகத்தில் நாள்தோறும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், வீட்டுக்கு வந்த அந்த நூலைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பின்னர் படித்தபோது, 'நிலையற்ற இயக்கம்' என்று பெயர்க்கத்தக்க ஒரு தொடர் அதில் கண்ணில் பட்டது. அவ்வாறு எழுதினால் யாருக்கு விளங்கும்? 'சூடேறினால் சொன்னபடி கேட்காது' என்று எழுதியிருந்தால் தங்கைக்கு விளங்கியிருக்கும்.

இனி, செய்யவேண்டியவற்றைச் சொல்வோம். இசைப்பலகையை வெயில் விழும் ஜன்னலோரத்திலும், அடுப்பின் அருகிலும், தகரக் கூரைக்கு நேர்கீழே பரணிலும் வைக்கலாகாது. வாசிக்கும்போது அதன் முதுகிலும் அடியிலும் உள்ள காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கவேண்டும். மெத்தையின்மேல் வைத்து வாசிப்பது துளைகளுக்குத் துணி அடைப்பதாகும். மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறியபின், மெல்லிய பருத்தித் துணியால் மூடலாம். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். திறந்த வெளி மேடையானால் பந்தலின் நிழல் மாலையில் எங்கே நகரும் என்பதை முன்பே பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது நலம்.

வெயிலில் சூடேறிய கருவியை உடனே இயக்கவேண்டாம். நிழலில் வைத்து, கைக்குச் சூடு தெரியாத வரை காத்திருங்கள். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே கொண்டுவந்தாலும் பொறுமை வேண்டும். குளிர்ந்த பொருளின்மேல் நம் கடலோரத்து ஈரக் காற்று பட்டால், செம்பின் புறத்தே நீர் முத்துவதுபோல உள்ளேயும் நீர் அரும்பும். அந்நிலையில் மின்சாரம் கொடுப்பது பழுதை விலைக்கு வாங்குவதாகும்.

அடாப்டர் எனப்படும் மின்மாற்றியிலும் கருத்து வேண்டும். மேடை அவசரத்தில் யாரோ ஒருவருடையதைக் கடன் வாங்கிச் செருகுவது பெருந்தவறு. முனை பொருந்தினால் போதாது. வோல்ட் அளவும், நேர் எதிர் முனைகளின் அமைப்பும் பொருந்தவேண்டும். சிலவற்றில் செருகியின் நடுமுனை நேர்மின், சிலவற்றில் எதிர்மின். கருவியின் முதுகில் உள்ள சிறு குறியைப் பார்த்தே செருகுக.

நம் பகுதியில் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வருபவை. வானம் கறுத்தவுடன் சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கிவிடவேண்டும். பொத்தானை அணைப்பது மட்டும் போதாது. நெடுநாள் வாசிக்காவிடில் பேட்டரிகளையும் எடுத்துவிடுக. கசிந்தால் தகட்டை அரித்துவிடும். சில விசைகள் மட்டும் ஊமையானால், பெரும்பாலும் அவற்றின்கீழ் உள்ள ரப்பர்த் தொடுமுனையில் தூசியோ ஈரமோ படிந்திருக்கும். பழகிய கை திறந்து துடைத்தால் பேசும். பெட்ரோலும் தின்னரும் கொண்டு மேற்புறத்தைத் துடைக்கக் கூடாது. புகைநாற்றம் வந்தாலோ, மின்மாற்றி தொடமுடியாதபடி கொதித்தாலோ, உடனே மின்தொடர்பை அறுத்து வல்லவரிடம் காட்டவேண்டும்.

இத்தனை கவலை ஒரு பெட்டிக்காகவா என்று சிலர் கேட்கலாம். பெட்டிக்காக அன்று. எல்லைப்புறச் சிற்றூர்களில் ஒரு குழந்தைக்கு இசைப்பலகை கிடைப்பது எளிதில் நிகழ்வதன்று. அதன் பின்னே ஒரு தாயின் சீட்டுப் பணம் இருக்கிறது. தங்கை மகள் மறு ஆண்டு அதே மேடையில், அதே பலகையில், மாற்றிய மின்தேக்கியோடு வாசித்தாள். அன்று நண்பகல் முழுவதும் அது கோயில் திண்ணையில், தூணின் நிழலில் இருந்தது. நிழல் நகர நகர அதை நகர்த்திவைக்கும் வேலையை நாமே கேட்டுப் பெற்றுக்கொண்டோம்.