நாடா கொஞ்சம் தளரட்டும்

பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குத் துணி எடுக்கும்போது சேலையின் நிறத்தைப் பார்க்கிறோம். உள்ளே கட்டும் பாவாடை நாடாவை மறந்துவிடுகிறோம். 20 வாரத்தில் கருப்பை தொப்புள் வரை வந்துவிடும். அதன்பிறகும் நாடாவை இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தடம் பதிந்து, வியர்வை பட்டு எரியும். அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்த பாவாடையை வயிற்றுக்குக் கீழே இறக்கி உடுத்துங்கள். சேலைக்குச் சின்னாளப்பட்டி சுங்குடி அருமை! லேசான பருத்தி, வியர்வையை உறிஞ்சும். உடுத்தினால் அடக்கமாகவும் அழகாகவும் இருக்கும். சுடிதார் என்றால் மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்தது நல்லது. ரவிக்கையில் பிரித்துவிட உள்தையல் தாராளமாக விட்டு, முன்பக்கம் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் மாதங்களிலும் உதவும். வீட்டுப் பெரியவர்களே, வளைகாப்பன்று கனத்த பட்டுச் சேலையைத்தான் கட்டவேண்டும் என்று அந்தப் பெண்ணை வற்புறுத்தாதீர்கள்.