வீட்டிலிருந்தே வேலை: பாரமே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்திருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! (சிரிப்பு) பெரியோர்களே!

‘வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பிள்ளை பெற்றவர்களுக்கு வரமா, பாரமா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய தம்பி, வரம் வரம் என்று அடித்துப் பேசினார். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்துடுச்சு. அவர் சொன்னதிலே நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையிலே பழைய மகாபலிபுரம் சாலையிலே போய்வருகிற ஒரு தாய்க்கு, பேருந்திலே நிற்கிற நேரம் மிச்சம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மேலதிகாரி முன்னாலே கையைப் பிசைய வேண்டாம். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுட்டுப் போகிற வேதனை இல்லை. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, பிள்ளை பக்கத்திலே இருப்பது வேறு. பிள்ளையோடு இருப்பது வேறு. என் கட்சி அவ்வளவுதான்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நாலு வயசுப் பேரன் உதட்டிலே விரலை வச்சுக்கிட்டு நிற்கிறான். ‘ஆச்சி, சத்தம் போடாதீங்க, அம்மா கால்ல இருக்கா’ன்னான். ‘யார் கால்லடா?’ன்னு பதறிட்டேன். (பலத்த சிரிப்பு) சம்பந்தியம்மா வந்திருக்காங்களோ, ஏதாவது தகராறோன்னு ஓடிப்போய்ப் பார்த்தால், அவ தொலைபேசிக் ‘கால்’ல இருக்கா! (கைதட்டல்)

மருமகனுக்கும் வீட்டிலிருந்தே வேலைதான். அவருக்குப் படுக்கையறை; கதவு சாத்தியாச்சு. மகளுக்குச் சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் கணினி, ஒரு பக்கம் நறுக்கின வெண்டைக்காய். சிலிண்டர் வந்தால் அவள் எழுந்திருக்கணும். பிள்ளை விழுந்தால் அவள் ஓடணும். அப்பா கதவைத் தட்டக்கூடாதுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியுது. அம்மாவுக்குத் தட்டறதுக்குக் கதவே இல்லை! (கைதட்டல்) பேரன் ஏதோ மழலையிலே சொல்ல வந்தான். இவள் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒரு பொத்தானை அமுக்கினாள். மழலைக்கு மேலே ஓர் இசை இல்லை என்றார் வள்ளுவர். அந்த மழலைக்கு இன்றைக்கு மியூட் பட்டன்!

நான் மட்டும் யோக்கியமா? 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. அப்புறம் கல்லூரி வகுப்பு என் கைத்தொலைபேசிக்குள்ளே வந்துடுச்சு. கோவலனைக் கஷ்டப்பட்டு மதுரை வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். ஒரு மாணவன் சொல்றான், ‘அம்மா, மூணு விசில் ஆயிடுச்சு!’ (பலத்த சிரிப்பு)

சட்டத்துக்கு வருகிறேன். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரம் ஆயிற்று. விடுப்பு முடிந்த பிறகு, வேலை இடம் கொடுத்தால், நிர்வாகத்தோடு பேசி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றும் எழுதினார்கள். நல்ல காரியம். அதே திருத்தத்தில், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்திலே குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்! அலுவலகத்துக்குப் போன தாய்க்குப் பிள்ளையைப் பார்க்க 4 முறை எழுதி வைத்தார்கள். வீட்டிலே இருக்கிற தாய்க்கு, எதிரே நிற்கிற பிள்ளையை நிமிர்ந்து பார்க்க எத்தனை முறை என்று யார் எழுதி வைத்தது?

எதிரணித் தம்பி, இதைக் கணினியோடு வந்த புதுமை என்றார். இல்லை தம்பி. எங்க ஊர் ஆலங்குளத்துப் பக்கம். அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம். என் அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்கும் வீட்டிலிருந்தே வேலைதான். மடியிலே பீடித் தட்டு. இலையை வெட்டணும், தூளை வைக்கணும், சுருட்டணும், நூலைக் கட்டணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நான் போய் முதுகிலே சாய்ந்தால், ‘இரு தாயி, ஆயிரம் முடியட்டும்’ என்பாள். அவள் மடி எனக்குக் கிடைக்கலை நடுவர் அவர்களே. அங்கே தட்டு இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் நூல் கட்டினேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசியது எப்போது தெரியுமா? சுற்றின பீடியைக் கொடுக்கப் பீடிக்கடைக்கு நடந்து போகும்போது! அப்போதுதான் அவள் கை சும்மா இருக்கும். அந்தக் கையிலே என் கை இருக்கும். தம்பி, போகிற வருகிற நேரம் மிச்சம் என்று சொன்னீர்களே, அந்த நேரத்திலேதான் எனக்கு அம்மா கிடைத்தாள். (நீண்ட கைதட்டல்)

எல்லாரும் அலுவலகத்துக்கு ஓடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலே பார்க்கிற வேலைக்கும் முடிகிற நேரம் ஒன்று வேண்டும். அப்பாவுக்கு இருக்கிற கதவு அம்மாவுக்கும் வேண்டும். அம்மா பார்க்கிற பிள்ளையிலே பாதியை அப்பாவும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் வருகிற நாளிலே நானே எதிரணியிலே போய் உட்கார்ந்து, வரம் என்று பேசுகிறேன்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

மணி அடிச்சுட்டீங்க. கோபமில்லை ஐயா. பேசினது போதும், உட்கார் என்று சொல்ல இந்த மேடையிலேகூட ஒரு மணி இருக்கு. என் அம்மாவுக்கு அதை அடிக்க ஆள் இல்லை. என் மகளுக்கும் இன்னும் இல்லை. அது வரைக்கும் பாரமே, பாரமே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)